பயனிலை

பக்கத்துக்கு எண்ணூற்றைம்பது ரூபாய்.
'தேசிய பாதுகாப்பும் சர்வதேசச் சட்டமும்.'
உப்புவெளியில் ஒருநாள் செயலமர்வு,
மதியச் சாப்பாடு உண்டு.
நாற்பத்திரண்டு பக்கத்தை
மூன்று இரவில் தமிழாக்கினேன்.

'தற்காலிக இடைவிலகல்' என்று ஓரிடத்தில் எழுதினேன்.
நாற்பது வருடத்தைத் தற்காலிகம் என்று எழுதக்
கை கூசியது.
அகராதி கூசவில்லை.

ஒன்பதாம் உறுப்புரையில் நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்தில் மறுப்பு வாசலிலேயே நிற்கிறது,
கையை நீட்டி மறித்துக்கொண்டு.
எங்கள் மொழியில் அது கடைசி வீட்டில் இருக்கிறது.
ஒரு ஆளைப் பிடித்து
வாகனத்தில் ஏற்றி
காரணம் சொல்லாமல் அடைத்துவைத்து
இத்தனையும் ஆனபிறகுதான் வந்துசேரும்
அந்த 'ஆகாது'.
பள்ளிக்கூடத்தில் அதற்குப் பயனிலை என்று பெயர்.

உட்துறைமுக வீதிக் கடையில்
நளீம் போட்டோகொப்பி எடுத்தான்.
நீளத்தாளில் அடித்ததைக் குட்டைத்தாளில் எடுத்தான்.
எல்லாப் பக்கத்திலும் அடிவரி வெட்டுப்பட்டது.
அநேகமாகப் பக்க எண்தான் போனது.
பதினேழாம் பக்கத்தில் மட்டும்
அடிவரி ஒற்றைச் சொல்.

மண்டபத்தில் முன்வரிசை வெள்ளைச் சீருடை.
பின்வரிசையில் சங்கங்களின் பெண்கள்,
மடியில் கோப்பு வைத்த சொப்பிங் பைகள்.
கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் ஒரு தராசு காட்டினார்:
ஒரு தட்டில் நாடு, மறுதட்டில் ஒரு மனிதன்.
படத்தில் இரண்டும் சமமாக நின்றன.

கூனித்தீவு நேசமலர்
விரல் வைத்து வாசித்தா:
'எவரும் எதேச்சையாகக் கைதுசெய்யப்படல்,
தடுத்துவைக்கப்படல்'
அத்தோடு தாள் முடிந்தது.
அடுத்த பக்கம் பத்தாம் உறுப்புரை.

"தம்பி, இது சட்டமா, நடந்ததா?"

அவவின் தம்பி நவநீதன்
வாசிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிய
வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்தவன்.
ஒன்பது வருடம்.
பிறகு ஒரு தாள்: குற்றச்சாட்டு இல்லை.
அந்த 'இல்லை'யை வாங்க
அநுராதபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்திருக்கிறா.
இப்போது அவன் பகலிலும்
லைட்டை அணைக்க விடுவதில்லையாம்.

நான் எழும்பி மன்னிப்புக் கேட்டேன், கொப்பிப் பிழை என்று.
முன்வரிசையில் தாள்கள் புரண்டன.
சிங்களப் பிரதியிலும் அந்த வரி இல்லை.
அவர்களுக்கும் மறுப்பு கடைசியில்தான் வருமாம்;
இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும்
எனக்கு அது தெரியாது.
முழுசாக இருந்தது ஆங்கிலப் பிரதி ஒன்றுதான்.
அது கொழும்புக்காரரின் மடியில்.

தேநீர் இடைவேளையில்
அறுபது தாளிலும் பேனையால் எழுதத் தொடங்கினேன்:
ஆகாது. ஆகாது. ஆகாது.
பற்றிஸ் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்கவில்லை.

லெப்டினன்ட் விதானகே தன் தாளை நீட்டினார்.
சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு
எனக்கு எழுத்து வராது என்றேன்.
பேனையை வாங்கித் தானே எழுதினார்.
எழுதிவிட்டு
ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

நேசமலர் தன் தாளைத் தரவில்லை.
"என்ரயில எழுத வேண்டாம்.
இதை இப்பிடியே கோப்பில வைக்கப்போறன்."

நாற்பத்தோராவது தாளில் மை தீர்ந்தது.
அதற்குள் மணி அடித்து
எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள்:
அடுத்தது சனநாயகம், நாற்பது நிமிடம்.

மீதித் தாள்கள்
மூதூர், வெருகல், தம்பலகாமம் என்று
சொப்பிங் பைகளில்
போய்ச் சேர்ந்திருக்கும்,
பயனிலை இல்லாமல்.