எண்ணூற்றைம்பது

செக்காலை ரோட்டில் மழை பிடித்துக்கொண்ட சனிக்கிழமை.
மதுரையிலிருந்து, மடிக்கணினிப் பைக்குள்
துண்டு சுற்றிப் பச்சைப்பிள்ளையாய் வந்து சேர்ந்தது
ஒரு ஷிராஸ்.
பில்லை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டேன்.
பாட்டிலின் விலைமேல்
மின்வாரிய ரசீதின் மூலை ஒன்றைப் பசைவைத்து ஒட்டினேன்.

உமையாள் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பிடுகிறவள்.
அடகுக்கு வரும் வளையல் எவர் வீட்டு வளையல் என்று கேட்பதில்லை.
கல்லில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஒயின் கோப்பை எங்களிடம் ஏது?
கல்யாணப் பரிசாக வந்த ஆறில் உடையாமல் மிஞ்சிய
இரண்டு ஐஸ்கிரீம் கிண்ணம், கால் வைத்தவை.
மூடி திருகு மூடி.
"தொறக்க ஆள் தேட வேண்டாம், நல்லது" என்றாள்.

ட்யூப்லைட்டுக்கு எதிரே சாய்த்தாள்.
விளிம்பில் ஊதா.
நடுவில், உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராத கறுப்பு.
மோந்தாள். மூக்கைச் சுளித்தாள். மறுபடி மோந்தாள்.

"நாவப்பழம்.
தார் ரோட்டுல விழுந்து ஒரு பகல் வெயில்ல கெடந்தது."
கொஞ்சம் கழித்து,
"யாரோ மிளகு தட்டிப் போட்டிருக்காங்க."
யாரும் போடவில்லை, அந்தத் திராட்சைக்கே அப்படி ஒரு குணம் என்றேன்.
காரைக்குடிக்காரியிடம் மிளகைப் பற்றியா, என்று ஒரு பார்வை.

முதல் மடக்கு.
முகம் கல்.
வட்டிக்கடைக்காரர்கள் படிக்க முயன்று தோற்கிற முகம்.

ஈறை நாக்கால் தடவிவிட்டுச் சொன்னாள்:
"துவர்க்குது."

இரண்டு வருடமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
விற்கிறவர்கள் உலர்வு என்றார்கள், உடல் என்றார்கள்,
நானும் தலையாட்டினேன்.
வாழைப்பூ நறுக்கிய விரலுக்குத் தெரிந்த சொல்
என் வாய்க்கு வரவில்லை பார்.

மெஸ் பொட்டலத்தைப் பிரித்தோம்.
உப்புக்கறியோடு சரிப்படவில்லை;
வரமிளகாய் ஏறி உட்கார்ந்துகொண்டு
ஒயினைப் பேசவே விடவில்லை.
மிளகு போட்டுப் பிரட்டிய ஈரலோடுதான்
ஒரே தெருக்காரர்கள் வெளியூரில் சந்தித்ததுபோல்
இரண்டும் தோளில் கைபோட்டு நடந்தன.

"முழுங்குனா உடனே போயிடுது. வால் குட்டை.
ஆனா கலப்படமில்லை. சொன்னதைச் செய்யுது."

எவ்வளவு தரலாம்?

கிண்ணத்தை ஒருமுறை சுழற்றினாள்.
"எண்ணூத்தம்பது. அதுக்கு மேல ஒரு ரூபா கேட்டாலும்
திருப்பிக் குடுத்துட்டு வா."

மின்வாரியத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
எண்ணூற்று நாற்பது.
பத்து ரூபாய் தப்பிவிட்டாய் என்று நான் சிரிக்க,
அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

கடைக்காரர் மேலே ஒரு பத்து வாங்கிக்கொண்டார்
என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"சேதாரம்" என்றாள்,
இரண்டாவது கிண்ணத்தை என் பக்கத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு,
ஊதா நாக்கை
முழுசாக நீட்டிக் காட்டி.