பத்துக் கிலோக் கணக்கு

பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.
என் காடியும் அந்த மாதிரி.
கிரானில் காஞ்சில், வெள்ளை, இரண்டாயிரத்து ஒன்று.
உள்ளே, ஜப்பானில் பாதியாய் அறுபட்டு
கப்பலில் வந்த மிராவின் நெஞ்சு.

காப்பார் சாலையில் கோக் வேய் கடை.
வெட்டிய முகங்களைக் கருவாடு மாதிரி அடுக்கியிருப்பான்.
இரண்டாயிரத்து இருநூறு வெள்ளி என்றான்.
டர்போவுக்குள் விரலை விட்டு இறக்கையை ஆட்டிப் பார்த்தேன்.
மயிரிழை ஆட்டம்.
ஆயிரத்து எண்ணூறு என்றேன்.
"புருஷனைக் கூட்டி வா, பேசலாம்."
"அவர் வந்தால் நீ சொன்ன விலையைக் கொடுத்துவிடுவார்."
சிரித்தான். வயரிங்கைச் சும்மா தந்தான்.

வாசலில் மோட்டார் நிறுத்துகிற இடத்தில்
நாலு கட்டைமேல் ஏற்றினோம்.
டார்ச் பிடிப்பது செழியன் பங்கு.
நான் குனிகிற இடத்தைத் தவிர
மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் விழும்.
தம்பி குணாளன் கேட் அடிக்கிறவன்.
கூண்டுக்கு அவனே கேட் குழாய் வேண்டாமென்றான்,
"கவிழ்ந்தா மடங்கிடும்கா."
மில் கொதிகலனுக்கு வந்து மிஞ்சிய தையலில்லாக் குழாயை
மேனேஜரிடம் சீட்டெழுதி வாங்கினேன்.

பிரேக், ஈஜோக் வளைவில் கால்வாய்க்குள் போன சத்ரியாவுடையது.
ரேடியேட்டர், பின்னால் இடிபட்ட வேனுடையது.
சீட் யாருடையதென்று கேட்கவில்லை.
இடது ஓரம் பிரிந்திருந்தது, தைத்தேன்.
எங்கெங்கோ நின்றுபோனவற்றை வைத்துத்தான்
ஓடுகிற ஒன்றைச் செய்கிறேன்
என்று ஒரு ராத்திரி தோன்றியது.
மறுநாள் கிளட்ச் கேபிள் சேரவில்லை,
அந்த நினைப்பும் போய்விட்டது.

பின்சீட்டைக் கழற்றினால் அடியில்
இருபது காசு, ஒரு கொலுசுத் திருகு,
கிள்ளான் ஆஸ்பத்திரி மறுவரவுச் சீட்டு. தேதி கடந்திருந்தது.
மூன்றையும் பழைய மைலோ டின்னில் போட்டேன்.

மில்லில் என் வேலை எடைமேடை.
செம்பனைக் குலையோடு லோரி வரும், காலியாய்ப் போகும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான்
எல்லாருக்கும் சோறு.
ஷிப்ட் முடிந்து காஞ்சிலைத் தள்ளி ஏற்றினோம்.
முதல்நாள் அறுநூற்று எண்பது.
கம்பளம், ஏர்கான், பின்சீட், ஸ்பேர் டயர்,
உளியால் தட்டித் தட்டி உரித்த தார்:
ஐந்நூற்று எண்பது.
கூண்டு போட்டதும் அறுநூற்றுப் பத்து.
பின் வைப்பர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன்.
எண் அசையவில்லை.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அந்தத் தராசு,
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்குக் காற்று.
லோரிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அறுநூற்று எழுபது.
நேபாளிக் காவலாளி தில் பகதூர் எட்டிப் பார்த்து
"அக்கா இறங்கினால் இன்னும் வேகமாய்ப் போகும்"
என்றான், மலாயில், மிகவும் மரியாதையாக.

சிப்பாங்குக்கு ரொஸ்லியின் லோரிமேல் போனது.
நுழைவுக் கட்டணம் முந்நூற்றைம்பது,
செழியன் கட்டிய நெத்திலிச் சம்பல் சோறு மூன்று பொட்டலம்.
நீண்ட நேர்ச்சாலையில் பெரிய வண்டிகள்
என்னைக் கடந்தது
கதவைச் சாத்துகிற சத்தம்போல் இருந்தது.
ஆனால் வளைவுக்குள்,
உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் தூக்க,
முன்னால் போன சிவிக்கின் பிரேக் விளக்கு
பெரிதாகிப் பெரிதாகி
என் மடியில் வந்து உட்கார்ந்தது!
கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என்ன கத்தினேனோ.

இரண்டாம் சுற்று, மூன்று நிமிடம் எட்டு வினாடி.
மூன்றாம் சுற்றில் முள் சிவப்புக்கு ஏறியது.
ஓரம் கட்டினேன். ஒரே ஆவி.
எதெதற்கோ பயந்து இறங்கிப் பார்த்தால்
இரண்டு வெள்ளி ஓஸ் கிளிப்.

ராத்திரி மில்லில் இறக்கியதும்
கேட்காமலே குணாளன் எடைமேடைக்குத் தள்ளினான்.
அறுநூற்றுப் பத்து.
காலையில் இருந்ததே.
நாலு லிட்டர் தண்ணீர் போனது அதற்குத் தெரியவில்லை.
தில் பகதூர் என்னையும் ஏறச் சொன்னான்.
வேண்டாமென்றேன்.
நாளைக்குக் கிளிப் வாங்கவேண்டும், இரண்டாக.