ஒரு கூட்டல் குறி

மேசையில் மூன்று பாடத்திட்டங்கள்.

ஸ்காபரோவிலிருந்து தம்பி அனுப்பியது
பெட்டியோடு வந்தது: காந்தம், வில்லை,
பிளாஸ்டிக்கில் தவளையின் நாலு பருவம்.
முதலாம் அலகு, இலைகள் ஏன் சிவக்கின்றன.
எங்கள் வளவில் சிவப்பது
மதிலோரத்து வாதுமை மட்டும்.
அதுவும் குளிருக்காக அல்ல, தன் எண்ணத்துக்கு.
இரண்டாம் அலகு, பனிமனிதன் உருகும் நேரம்.
அதற்கு ஐஸ்பழ வான்காரர் போதும்.

சென்னைப் புத்தகம் விலை குறைவு.
விஞ்ஞானத்தை அறிவியல் என்கிறது, பரவாயில்லை.
‘உங்கள் ஊர் ஆற்றங்கரைக்குச் சென்று
பத்துக் கூழாங்கற்கள் பொறுக்குக.’
கோண்டாவிலில் எந்த ஆற்றங்கரை?
வழுக்கியாறு என்று ஒன்று உண்டுதான்,
மாரியில் மட்டுமே
தான் ஆறு என்பது அதற்கு ஞாபகம் வரும்.
தென்மேற்கு மழைக்கு ஒரு முழுப் பாடம் வைத்திருக்கிறார்கள்.
அந்த மாதங்களில் எங்களுக்குக் கிடைப்பது
கதவை அடித்துச் சாத்துகிற சோளகம்.

மூன்றாவது அரசாங்கத்தின் சுற்றாடல் புத்தகம்.
அதிபர் கொடுத்துவிட்டார், இலவசம்.
அட்டையில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர்
வெட்டிக் கிடக்கிறது.
‘வகுப்பு நண்பர்களோடு கலந்துரையாடுக’
என்ற வரி வரும் இடமெல்லாம்
விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

ஆரபிக்கு ஆறு வயது.
சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்றார்கள்.
குளிசையில் முகம் ஊதிப்போனது.
‘சளிக்காரப் பிள்ளையளுக்குள்ள விடாதேங்கோ,
அடுத்த தை வரைக்கும்.’

நான் பலநோக்குச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
சாதாரண தரத்தில் எனக்கு விஞ்ஞானம் ஒரு எஸ்.
இரவு ஜெகரூபன் கோடு கீறி அட்டவணை போட்டார்:
விலை, படம், பரிசோதனை, தமிழ்.
பதினொரு மணிக்குக் கொட்டாவியோடு,
‘மூண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பம்’ என்றார்,
சாம்பாருக்கு மரக்கறி வாங்குகிறவர் மாதிரி.

காலை ஆறரை. குளியலறை வாசலில்
கோப்பையோடு ஆரபி.
பரிசோதனைப் பட்டியைத் தோய்க்கிறாள்,
விளிம்பில் தட்டுகிறாள், எண்ணுகிறாள்.
முப்பத்தெட்டில் அவசரம் வந்து
தன்னைத் தானே அதட்டிக்கொண்டு
அறுபதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறாள்.
பிறகு போத்தலில் ஒட்டிய நிறக்கட்டங்களோடு
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள்.
பதினொரு நாளாக மஞ்சள்.

‘இண்டைக்கும் மஞ்சள்தான் பிள்ளை.’
‘இல்லையம்மா. லைட்டைப் போடுங்கோ.’

போட்டேன்.
வாழைக்குருத்தின் பச்சை.

பென்சில் என் கையில்.
பத்துச் சதம் பிசகினாலும்
சங்கத்தைப் பூட்டவிடாமல் தேடுகிற கை,
பூச்சியத்தின் முதல் வளைவைத் தொடங்கிவிட்டிருந்தது.

‘கண்டதைத்தானே எழுத வேணும்.’
கொப்பியை வாங்கினாள்.
என் வளைவை அழிறப்பரால் தேய்த்து,
தூளை ஊதிவிட்டு,
திகதிக்கு நேரே ஒரு கூட்டல் குறி போட்டாள்.
கொஞ்சம் பெரிசு. கோட்டை மீறிப் போயிருந்தது.

பிறகு கேட்டாள்:
‘நேற்று ரெண்டு முட்டை சாப்பிட்டதாலயோ?
நாளைக்குச் சாப்பிடாமல் பாப்பம்.
நாளையிண்டைக்குச் சாப்பிட்டுப் பாப்பம்.’
முட்டையாலில்லை என்று டொக்டர் முன்னமே சொன்னவர்.
சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

கிளினிக் வியாழக்கிழமை.
தவளையின் வாலைச் சின்னவன் விழுங்கிவிடாமல்
பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.
‘கடைசியில எந்தப் புத்தகம்?’
மோட்டார் சைக்கிளை உதைத்தபடி அவர்.
பின்னேரம் சொல்கிறேன் என்றேன்.

உள்ளே அவள்
கேத்தலைக் கவிழ்த்துவைத்து
அடியில் படிந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டுகிறாள்.
‘இது எங்கயிருந்து வந்தது?’
கிணற்றிலிருந்து என்றேன்.
‘கிணத்துக்குள்ள எங்கயிருந்து?’