ஆறு மணிக் கணக்கு

ராத்திரி ஏழுக்கே சாப்பாட்டை முடித்தேன்.
அரை அகப்பைச் சோறு, கங்கோங் பிரட்டல்,
கெம்போங் மீன் ஒரு துண்டு.
படுக்கும்போது 5.8.
எழுந்தபோது 6.4.

இடையில் பல்துலக்கியைத் தவிர
எதுவும் வாய்க்குள் போகவில்லை.

குணாளன் நம்பவில்லை.
பிஸ்கட் டின் மூடியில்
மெல்லிசாக டேப் ஒட்டிவைத்தார்.
மறுநாள் டேப் அப்படியே இருந்தது,
எண்தான் ஏறியிருந்தது: 6.6.
"அடுத்த வீட்டுல போய்ச் சாப்பிட்டியா?"
சிரிக்காமல் கேட்டார்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
பத்தொன்பது வருஷமாக அளப்பதுதான் என் வேலை.
மயிரிழை கூடினாலும்
சிவப்பு ஸ்டிக்கர், தனித் தட்டு.
கருவி பொய் சொல்லாது என்று
சூப்பர்வைசரிடமே மல்லுக்கு நின்றவள்.
இப்போது என் ஒரு சொட்டு ரத்தம்
எந்தத் தட்டில் போகும்?
பச்சையுமில்லை, சிவப்புமில்லை.
இனிப்பு நீர் இன்னும் உள்ளே வரவில்லையாம்,
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறதாம்.

ஜெலுத்தோங் கிளினிக்கில் தாதி ஹஸ்னிஸா
என் நோட்டைப் புரட்டினாள்.
பிடிபட்டவள் மாதிரி
கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அவள் மலாயில் சொன்னதை
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்:
விடியப்போவது உடம்புக்கு முன்கூட்டியே தெரியும்.
மூன்று, நாலு மணிக்கெல்லாம்
சுரப்பிகள் போய் எழுப்பும்.
கல்லீரல் எழுந்து
சேர்த்துவைத்த சர்க்கரையை
ரத்தத்தில் அவிழ்த்துவிடும்.
எல்லார் உடம்பிலும் நடப்பதுதான்.
மற்ற உடம்புகள் அதை அள்ளி ஒதுக்கிவிடும்,
என்னுடையது
வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது.

விடியல் நிகழ்வு என்று அதற்குப் பெயராம்.
பள்ளி ஆண்டு விழாவில்
நான் மனப்பாடம் செய்து ஒப்பித்த கவிதைகளில்
விடியல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.
கைதட்டலும் கிடைக்கும்.

கல்லீரலே,
பெயரில் கல்லை வைத்துக்கொண்டு
உனக்கு ஏன் இவ்வளவு ஈரம்?
யார் கேட்டார்கள்,
இருட்டிலேயே கடையைத் திறந்து
கடனுக்கு அள்ளிக் கொடுக்கச் சொல்லி?
எனக்குப் பசிக்கவில்லை.
சத்தியமாகப் பசிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு
அலாரம் வைத்து எழுந்தேன்.
கொம்தார் பக்கம் ஒற்றை மோட்டார் சைக்கிள் சத்தம்.
சமையலறை விளக்கில் விரலைக் குத்தினால்
5.6.
ஆக, குற்றம் இனிமேல்தான் நடக்கப்போகிறது.
உட்கார்ந்து காவல் காக்கலாமா என்று யோசித்தேன்.

குணாளன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
விரலை நீட்டினார்.
நாலு ரொட்டி சானாய்,
ஆட்டிறைச்சிக் குழம்பு,
மேலே தே தாரிக் வேறு குடித்துவிட்டுப் படுத்த மனுஷன்:
5.1.
கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மன்னிச்சிக்கோ" என்றார்.
பிறகு போய்
டின் மூடியிலிருந்த டேப்பை உரித்தார்.
நகத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

இப்போது சாப்பிட்டதும் கீழே இறங்குகிறோம்.
கார் பார்க்கைச் சுற்றி ஏழு சுற்று.
பதினோராம் மாடி சோங்கின் நாய்
மூன்றாம் சுற்றில் சேர்ந்துகொள்ளும்,
ஐந்தில் அலுத்துப் படுத்துவிடும்.
கடல் காற்றில் உப்பு.
உப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கிறாள் ஹஸ்னிஸா.

6.3. 6.1. 6.5, அன்று தூங்கவேயில்லை,
அண்ணன் மகள் கல்யாணக் கணக்குத் தகராறு.
6.2.
ஒரு வியாழக்கிழமை 5.9.
யாரிடமும் சொல்லவில்லை.
கண்பட்டுவிடும் என்றா,
மறுநாள் ஏறிவிட்டால் என்ன சொல்வது என்றா, தெரியவில்லை.

மறுநாள் 6.3.
எழுதினேன்.
முட்டை வெந்துகொண்டிருந்தது.
கீழே ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது,
வானம் இன்னும் வெளுக்கவில்லை.
எனக்குள் மட்டும்
எப்போதோ விடிந்துவிட்டது.