பூச்சியத்தில் வைத்தபோது

விடிய ஏழு மணிக்கே றெஜினோல்ட் மெஷினைக் கொண்டுவந்தான்.
"இந்தக் குமிழையும் ஏழில வையுங்கோ அக்கா,
இரும்பு ஒண்டும் கத்தாது.
பவுண் மட்டும் பேசும்."
இரண்டாம் கைச் சாமான். நாள் வாடகை,
அதோடு கிடைத்தால் பத்தில் ஒன்று.
பொலிசின் கடிதம் என் சட்டைப்பையில்.

இரணைப்பாலையில் இரும்பை வாய்மூட வைக்க
ஒரு குமிழ் இருக்கிறதென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
ஒன்பது வருசம் மிதிவெடிக் கம்பனியில்
முழங்காலில் நின்ற காதுகள் இவை.
ஆணி முனையென்றாலும் கேட்கவேண்டும்,
கேட்டால் குனியவேண்டும்.
கேட்காமல் விட்டதற்கு
விமலறூபியின் இடதுகால் சாட்சி.

சுருள் நிலத்துக்குள் ஓர் அதட்டல் போடும்.
உடனே நிறுத்தும்.
நிறுத்தின பிறகுதான் கேட்கும்.
உள்ளே கிடப்பது எதுவோ
அது கொஞ்சம் முணுமுணுக்கும்.
சின்னப் பவுண் சட்டென்று அடங்கிவிடும்.
இரும்பு இழுக்கும்,
சண்டை முடிந்தும் படலையில் நின்று
ஏசிக்கொண்டேயிருக்கிற ஆள் மாதிரி.
அந்த ஆளின் பேச்சைத்தான்
ஏழு, பாதியில் வெட்டுகிறது.

நகுலாம்பிகையின் காணி அரை ஏக்கர்.
கிணற்றடி, குசினி இருந்த இடம், மாட்டுக்கொட்டில் இருந்த இடம்.
இரண்டு நாள் நடந்தேன்.
ஒரு குறையும் இல்லாத மண் போல
சிவப்பாய்க் கிடந்தது.
இடைக்கிடை காதுக்குள் சத்தம் அறுந்தது.
அறுந்த இடமெல்லாம் இரும்பென்று தெரிந்தும்
தாண்டிப் போனேன்.
இரவில் உள்ளங்கால் கூசியது.

மூன்றாம்நாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அவ சொன்னா:
"காப்பு நாலு, கொடி, மகளின்ர தோடு.
எல்லாத்தையும் பேணிக்குள்ள போட்டு
மூடியை இறுக்கினனான். ஷெல் விழ விழ..."
"என்ன பேணி?"
"பால்மாப் பேணி. பெரிசு. தகரம்.
ஏன் பிள்ளை?"

தேத்தண்ணி கையில் ஆறியது.
தகரமும் இரும்புதானே.
இரண்டு நாளும் அதற்கு மேலாலேயே
நான் நடந்திருக்கலாம்.
பவுணின் வாயைப் பேணி பொத்த
பேணியின் வாயை நான் பொத்த.

குமிழைத் திருப்பினேன்.
ஐந்து, மூன்று, ஒன்று.
பூச்சியம்.

காணி கத்தத் தொடங்கியது.
ஷெல் துண்டு, கூரைத் தகரம், சைக்கிள் செயின்,
பங்கருக்கு மேல் போட்ட தண்டவாளத்தின் மிச்சம்,
ஆருடையதோ பெல்ட்டின் கொளுக்கி,
தறப்பாள் கட்டின கம்பி,
எல்லாம் ஒரே நேரத்தில்,
கஞ்சிக்கு நின்ற வரிசை குழம்பினது போல.

"அப்பிடியெண்டா ஒரு வருசம் கிண்டவேணும்"
என்று போனில் சிரித்தான் றெஜினோல்ட்.
நான் தடிகளில் சிவப்புச் சீலை கட்டி நட்டேன்.
நகுலாம்பிகையைப் படலைக்கு வெளியே அனுப்பினேன்.
"பவுண் எடுக்க வந்தவ
மிதிவெடி எடுக்கிற மாதிரியெல்லோ குந்துறா"
என்று வேலிக்கு அங்கால் ஒரு குரல்.

பக்கவாட்டில் வெட்டி, விரலால் மண் தள்ளி,
மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு இரும்பு.
உரப்பை பாதி நிறைந்தது.
பழைய பழக்கத்தில்
ஒவ்வொன்றின் ஆழத்தையும் கொப்பியில் எழுதினேன்.
ஆரும் கேட்கப்போவதில்லை.

நாற்பத்திரண்டாவது
வேப்பங்கட்டைக்குத் தெற்கே, ஒரு முழம் கீழே.
தடித்த சத்தம். அவசரமில்லாதது.
மண் விலகத்
துருவில் ஒரு விளிம்பு,
வளைந்து வளைந்து
வட்டமாகத்தான் போகும்போல.

பேணிக்கும் வட்டம்தான்.

கத்தியைக் கீழே வைத்துத்
தூரிகையை எடுத்தேன்.
படலைக்கு மேலால் அவ எட்டிப் பார்த்தா.
"பேணியோ பிள்ளை?"

"கிட்ட வராதேங்கோ" என்றேன்.