தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்

வார்டோ ஊரில் நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன்
ஜனவரி பாதி தாண்டும்வரை வரமாட்டான்.
அந்த இடைவெளியில்தான் வந்து சேர்ந்தது
மாவட்டத் தலைமையிலிருந்து புதுக் கருவி.
வாசகர் எங்கிருந்தும் கேட்கலாம்,
நூலகர் வீட்டிலிருந்தே பதில் சொல்லலாம்.

தோரூனுக்கு ஐம்பத்து மூன்று.
மேசைக்கு வருகிறவர் வாய் திறக்குமுன்னே
வரி விண்ணப்பமா, துப்பறியும் கதையா,
வெறுமனே குளிருக்கு ஒதுங்கியதா என்று
கையுறையைக் கழற்றும் விதத்தில் கண்டுகொள்பவள்.
திரையில் யாரும் கையுறை கழற்றுவதில்லை.

கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் ஒரு குறியும் வேண்டுமாம்.
அவசரத்தில் நினைவுக்கு வந்தது
முன்னாள் கணவனின் வண்டி எண்தான்.
தினமும் காலையில் அவனை ஒருமுறை
தட்டச்சு செய்யவேண்டியதாயிற்று.

செவ்வாய்தோறும் பயிற்சி.
எஸ்பனின் முகம் ஒரு சதுரத்தில்,
அவன் பூனையின் வாலும் அடிக்கடி அதே சதுரத்தில்.
"எஃப் இரண்டு, வணக்கம்.
எஃப் மூன்று, வேலை நேரம்.
எஃப் ஆறு, அறை முன்பதிவு உறுதி."
மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.
பாத்திரம் கழுவியதில் எல்லாம் கலந்துபோயிற்று.
திமிங்கிலத்தின் எடை கேட்ட பள்ளிப் பையனுக்கு
அறை உறுதியாகிவிட்டது என்று போனது பதில்.
"திமிங்கிலத்துக்கா?" என்று கேட்டான்.
நியாயமான கேள்வி.

பிறகு ஒரு வியாழன் இரவு,
காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருக்க,
விருந்தினர் 4471.
பெயரில்லை. சொல்லில்லை.
பெட்டியின் அடியில் மூன்று புள்ளிகள் மட்டும்
குதித்தன, நின்றன, குதித்தன.
நம் ஆய்த எழுத்தை யாரோ தட்டிவிட
அது சரிந்து வரிசையானதுபோல்.
தனிநிலை என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு.
தோரூனுக்கு அது தெரியாது,
தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஐந்து நிமிடம் ஆனதும் கருவி கேட்டது:
பயனர் செயலற்று இருக்கிறார். முடித்துவிடலாமா?
செயலற்றா?
மேசை முன்னால் நின்று
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பவரை
யாராவது அப்படிச் சொல்வார்களா?
வேண்டாம் என்று அழுத்தினாள்.
தேநீர் ஆறியது. மறுபடி கேட்டது. வேண்டாம்.
ஆறாவது வேண்டாமுக்குப் பிறகு
வந்து விழுந்தன நாலு சொல்:
படகு தெர்வு புத்கம் குரல்ல

படகோட்டும் உரிமத் தேர்வு.
ஒலிநூல் இருந்தது. இணைப்பை ஒட்டினாள்,
எப்படித் திறப்பது என்று ஏழு வரியில் விளக்கம் எழுதினாள்.
அனுப்பும் விசைமேல் விரல் நின்றது.
ஏழு வரி. யாருக்கு?
விளக்கத்தை அழித்தாள்.

மூலையில் ஒலிவாங்கிப் படம் போட்ட ஒரு பொத்தான்,
"இது நமக்குத் தேவைப்படாது" என்று
எஸ்பன் தாண்டிப்போனது.
அழுத்தினாள். தொண்டையைச் செருமியதும் பதிவாகிவிட்டது.
"நான் தோரூன். நீலப் பட்டையைத் தொடுங்க.
அப்புறம் முக்கோணத்தை. அவ்வளவுதான்.
நான் இங்கேயேதான் இருக்கேன்."

இந்த முறை புள்ளிகள் இல்லை.
வந்தது ஒரு குரல், பின்னால் எஞ்சின் இரைச்சல்:
"தெரியும். மீன் ஆலைக்கு மேல, மஞ்சள் வீடு.
உங்க விளக்கு எரியுது.
துறையிலேர்ந்து பாத்தா நல்லாத் தெரியுது."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.
கீழே நண்டுப் படகுகள் ஐந்தாறு,
எல்லாவற்றிலும் வெளிச்சம்.
எத்தனை வருடமாய் நூலகத்தைத் தாண்டி நடந்தவனோ.
எது அவன் படகு என்று தெரியாததால்
எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கையசைத்தாள்.

திங்களன்று வார அறிக்கை.
உரையாடல் நேரம் நாற்பத்தொரு நிமிடம்; இலக்கு, ஆறு.
வாசகர் மதிப்பீடு, ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்.
கைக்கு எட்டிய முதல் நட்சத்திரத்தைத் தொட்டிருப்பான்,
அல்லது ஒன்றே தாராளம் என்று நினைத்திருப்பான்.

"என்ன ஆச்சு?" என்று எழுதியிருந்தான் எஸ்பன்.
அவன் திரையில் மூன்று புள்ளிகள்
குதித்தன, நின்றன,
குதித்தன.
பூனை அவற்றைப் பிடிக்கப் பார்த்தது.