நாக்கு வெட்டுகிறவள்

பள்ளி விட்டதும் பேருந்து.
மூன்றரைக்கெல்லாம் துறைமுகக் கொட்டகையில்
ஏப்ரனுக்குள் நிற்பேன்.
கம்பளிக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை,
இரண்டையும் மதிக்காத குளிர்.

தொட்டி நிறையக் காட் மீன் தலைகள்.
பலகையில் செங்குத்தாய் ஓர் இரும்பு முள்.
தலையைத் தூக்கு, தாடையில் குத்து,
கத்தியை ஒரு சுழற்று.
நாக்கு வாளியில்,
தலை கூடையில்.
அடுத்தது.

லொஃபோட்டனில் இது பிள்ளைகளின் வேலை.
கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு.
தலைமுடியில் ஏறிய நாற்றம்
ஏப்ரல் வரை இறங்காது.
வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சு எப்போதும் காலி.

பக்கத்து முள்ளில் ஐலிஃப். வயது பதினொன்று.
நான் இரண்டு வெட்டுவதற்குள் மூன்று வெட்டுவான்.
போன பருவத்துக் காசில்
பழைய படகு எஞ்சின் ஒன்று வாங்கிவிட்டான்.
படகு இன்னும் வாங்கவில்லை.
அதுபற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

எனக்குப் பதினைந்து.
மார்ச் ஒன்றுக்குள்
மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதித் தர வேண்டும்,
அடுத்து என்ன படிப்பு, அதற்கடுத்து என்ன வேலை,
அதற்கடுத்து யார் நான் என்று.

ஊரில் நாக்குள்ள எல்லோருக்கும் ஒரே கேள்வி.
"சுன்னிவா, என்ன ஆகப் போகிறாய்?"
கடையில் மீதிச் சில்லறையோடு ஒருமுறை.
பெர்கனிலிருந்து அத்தை, ஞாயிறு தவறாமல்.
பல் மருத்துவர்கூட,
இரண்டு விரலும் ஒரு கண்ணாடியும்
என் வாய்க்குள் இருந்த நேரம் பார்த்து.
"ஆ" என்றேன்.
"நல்லது" என்றார்.

பள்ளிக் கணினியில் ஒரு தேர்வு வைத்தார்கள்.
எண்பது கேள்வி.
கூட்டம் பிடிக்குமா, பூனை பிடிக்குமா,
மேசையை ஒழுங்காக வைத்திருப்பாயா.
கத்தி பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் இல்லை.
முடிவு: பூக்கடை, அல்லது விமானக் கட்டுப்பாட்டு அறை.

அதனால்தான் எனக்கு
இந்தத் தொட்டி பிடித்திருந்தது.
ஐந்நூறு வாய், எல்லாம் அகலத் திறந்து,
ஒன்றுகூட ஒன்றும் கேட்காமல்.
கயிற்றில் கோத்து, கடற்காற்றில் காயவைத்து
நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள்.
தலைகளுக்குக்கூடப்
போகுமிடம் தெரிந்திருந்தது.

கடைசி நாள், இரவு பதினொன்று நாற்பது.
செவிலியர் படிப்பு என்றால் போடோ நகரம்;
தனி அறை, தனிச் சமையல்,
கடலுக்கு அந்தப் பக்கம்.
மின்பணி என்றால் பக்கத்துத் தீவு.
பேருந்து அட்டவணையைத் திறந்து பார்த்தேன்.
இரண்டு ஐம்பதுக்கு ஒரு வண்டி.
மூன்றரைக்கு முள்ளின்முன் நிற்கலாம்.

முதல் விருப்பம்: மின்பணி.
கட்டைவிரலை ஏப்ரனில் துடைப்பதுபோல்
இரவு உடையில் துடைத்துவிட்டு
அழுத்தினேன்.

வாழ்நாள் வேலையை
மாலை வேலைக்குத் தோதாகத் தேர்ந்தெடுத்தேன்
என்று யாரிடம் சொல்வது?

"மின்சாரமா? எப்போதிலிருந்து?" என்றாள் அம்மா.
ஒருநாள் கொட்டகையில் பெல்ட் நின்றுபோனது,
எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள்,
நான் மட்டும் திறந்த பெட்டியின் முன்னால் நின்று
சிவப்பு ஒயர் எங்கே போகிறது,
நீலம் எங்கே திரும்புகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றிலிருந்து
என்றேன்.
பொய்யில்லை.
பெட்டிக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருந்தது
என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
ஆனால் அந்த நீல ஒயர்
எங்கே திரும்பியது என்பது
இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் மூன்றரை.
தொட்டி, முள், கத்தி.
ஐலிஃப் தலை நிமிராமல் கேட்டான்,
அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:
"அடுத்த வருஷம் வருவியா?"

"வருவேன்."

வாளியைக் காலால் தள்ளி
எனக்குக் கொஞ்சம் இடம் விட்டான்.